போர்டு கேம் வடிவமைப்பாளரின் ஒரு நாள் எப்படிப் போகிறது?

வேலைக்குப் போய்க்கொண்டே இரண்டு வருடமாக ஒரு போர்டு கேமை உருவாக்கி வருகிறீர்கள். இதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு ஒரு நாள் எப்படிப் போகும், நாள் முழுக்க விளையாடிக்கொண்டே இருப்பார்களா, வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 11 வருடமாக இதில் இருக்கிறேன். 7 விளையாட்டுகள் அச்சாகி வெளிவந்திருக்கின்றன. பாதியில் நின்றுபோனவை அதைப்போல் பல மடங்கு, அலமாரியில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன.

முதலில் நேரான பதில். நாங்கள் விளையாடுவது குறைவு. நான் செய்ததைப் பிறர் விளையாடும்போது பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்து பார்ப்பதிலும், பார்த்ததை வைத்து விளையாட்டிலிருந்து எதையாவது எடுத்துவிடுவதிலும்தான் என் வாரத்தில் அதிக நேரம் போகிறது. மற்ற வேலையெல்லாம் இந்த இரண்டையும் சுற்றியே நடக்கிறது.

காலை முதல் இரண்டு மணி நேரம் முந்தைய ஆட்டத்தின் குறிப்புகளோடு உட்காருவேன். இப்போது கையில் இருக்கும் விளையாட்டை வைத்தே சொல்கிறேன். பாலைவனத்தைக் கடக்கும் ஒட்டகக் கூட்டங்கள். 2 முதல் 4 பேர் ஆடலாம். முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டும். ஆளுக்கு ஒரு கூட்டம். தண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்து, சரக்கை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்க வேண்டும். சென்ற வாரம் நான்கு பேர் ஆடியபோது எழுதிய குறிப்புகள் இவை. மூன்றாவது சுற்றில் இருவர் “இப்ப யாரோட முறை?” என்று கேட்டார்கள். மணற்புயல் சீட்டு வந்தபோது யாரும் பதறவில்லை. பின்தங்கிப் போனவர் கடைசி 20 நிமிடம் தன் முறை வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிய 71 நிமிடம் ஆனது.

இந்த நான்கு வரிகளிலிருந்து காரணத்தைத் தோண்டி எடுப்பதுதான் காலை வேலை. “யாரோட முறை?” என்று ஒருவர் கேட்டால் அவர் கவனிக்கவில்லை என்று நினைக்கத் தோன்றும். இருவர் கேட்டால் பிழை என்னுடையது. தேடிப் பார்த்ததில், ஒருவர் சரக்கை விற்றதும் சந்தை விலையைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தேன். யாராவது ஒருவர் குனிந்து மூன்று காய்களை நகர்த்துவார். அந்த நேரத்தில் ஆட்டம் யார் கையிலும் இருக்காது. முறை எங்கே முடிந்தது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. விலையை, முறையைத் தொடங்குபவரே முதலில் சரிசெய்யட்டும் என்று மாற்றினேன். விதி அதேதான், இடம்தான் மாறியது. அடுத்த ஆட்டத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மணற்புயலுக்கு யாரும் பயப்படாததற்குக் காரணம் எல்லோரிடமும் தண்ணீர் தேவைக்கு மேல் இருந்தது. போனைப் பார்த்தவர் விஷயம் கொஞ்சம் கடினம். தான் இனி ஜெயிக்க முடியாது என்று அவருக்கு 50-வது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. அவர் கணக்கு சரி. அப்படியானால் ஒன்று, ஆட்டம் 50 நிமிடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். இல்லை, பின்னால் இருப்பவருக்கு முன்னால் போக ஒரு வழி இருந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றமாட்டேன். இரண்டுக்கு மேல் மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அன்று தண்ணீரைக் குறைத்தேன், விலை விதியை நகர்த்தினேன், அவ்வளவுதான்.

அப்புறம் கணக்கு. இதை நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். பள்ளிக்கூடக் கணக்கே பெரும்பாலும் போதும். இரண்டு பகடைகளை உருட்டினால் 36 விதமாக விழலாம். அதில் 7 வருவதற்கு 6 வழி, 6 அல்லது 8 வருவதற்குத் தலா 5 வழி, 2 வருவதற்கு ஒரே ஒரு வழி. ஒரு தீவில் குடியேறும் கட்டான் விளையாட்டில், பலகையின் இடங்களில் எண்கள் இருக்கும்; பகடையில் எந்த எண் விழுகிறதோ அந்த இடம் பொருள் தரும். அதில் 6, 8 ஆகிய எண்கள் சிவப்பாக இருப்பது இதனால்தான். எண்ணுக்குக் கீழே, அது வர எத்தனை வழியோ அத்தனை புள்ளிகளும் போட்டிருப்பார்கள். கணக்குத் தெரியாதவரும் ஒரு பார்வையில் நல்ல இடம் எது என்று புரிந்துகொள்கிறார். வடிவமைப்பாளர் போட்ட கணக்கு அப்படியே பலகையில் அச்சாகிவிட்டது.

எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் ஒரு கட்டடக் கலைஞர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போனது. செய்தித்தாள்களை எடுத்து, எந்த ஆங்கில எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணித்தான் 100 கட்டைகளில் எதற்கு எத்தனை என்று பிரித்தார். ஆனால் எஸ் எழுத்தை மட்டும் 4-இல் நிறுத்தினார். அது அதிகமாக இருந்தால் எந்தச் சொல்லையும் பன்மையாக்கிச் சுலபமாகப் புள்ளி எடுத்துவிடலாம். எண்ணிக்கை சொன்னதை அவர் மற்ற எழுத்துகளுக்குக் கேட்டுவிட்டு, ஆட்டம் கெடும் இடத்தில் கேட்காமல் விட்டாரே, அந்தத் தீர்ப்பில்தான் இந்த வேலையின் சாரம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இப்போது எல்லாம் கணினியில் விரிதாளாக இருக்கிறது. என் ஒட்டக விளையாட்டில் 54 சீட்டுகள். விரிதாளில் 54 வரிகள். பெயர், விலை, பலன், எத்தனை பிரதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுவரிசை. எலிசபெத் ஹார்கிரேவ் 2019-இல் வெளிவந்த விங்ஸ்பேன் விளையாட்டுக்காகப் பறவைகளை இப்படித்தான் விரிதாளில் வரிசைப்படுத்தினார். எங்கே வாழும், என்ன தின்னும், எப்படிக் கூடு கட்டும், சிறகை விரித்தால் எத்தனை சென்டிமீட்டர் என்று உண்மைத் தகவல்களைச் சேர்த்து 170 பறவைச் சீட்டுகள். அவருடைய முதல் வெளியீடே அதுதான். பறவைகளைப் பார்ப்பதில் அவருக்கு இருந்த ஆசை அந்தச் சீட்டுகளில் தெரியும். உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். இரண்டு மூன்று வருடம் அதனோடு குடியிருக்க வேண்டும்.

மதியத்துக்கு மேல் கைவேலை. கத்தி, உலோக அளவுகோல், வெட்டும் பாய், பென்சில், பிளாஸ்டிக் உறைகள். விளையாட்டின் மாதிரி செய்ய அழகான அச்சு வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. பழைய சீட்டுக்கட்டு ஒன்றை உறைகளில் போட்டு, முன்பக்கம் துண்டுக் காகிதத்தைச் செருகினால் சீட்டு தயார். எண் மாறினால் காகிதத்தை உருவிவிட்டு இன்னொன்று. ஆட்டத்தின் நடுவிலேயே பென்சிலால் அடித்து எழுதுவதும் உண்டு. மேட் லீகாக், உலகில் பரவும் நோய்களைத் தடுக்கும் பாண்டமிக் விளையாட்டை ஒரு சாதாரண சீட்டுக்கட்டையும் கையால் வரைந்த வரைபடத்தையும் வைத்துத்தான் ஆரம்பித்தார். தொற்று பரவிய ஊர்களின் சீட்டுகளைக் கலைத்து மறுபடி கட்டின் மேலேயே வைப்பது என்ற ஒரு விதி அந்த விளையாட்டைத் தூக்கி நிறுத்துகிறது. ஒருமுறை பாதித்த ஊரே திரும்பத் திரும்பப் பாதிக்கப்படும், வயிற்றைக் கலக்கும். இந்த விதி வேலை செய்கிறதா என்று பார்க்க ஓவியம் எதற்கு?

என் நான்காவது விளையாட்டில் நான் இதற்கு மாறாகச் செய்தேன். ஓவியம் தெரிந்த நண்பரிடம் கேட்டு, முதல் மாதிரியையே வண்ணமாக அச்சிட்டேன். பார்த்தவர்கள் எல்லோரும் ரொம்ப அழகாக இருக்கிறது என்றார்கள். யாரும் குறை சொல்லவில்லை. இவ்வளவு உழைத்திருக்கிறாரே என்று நினைத்திருப்பார்கள். எனக்கும் ஒரு சீட்டை நீக்கக்கூட மனசு வரவில்லை. அந்த விளையாட்டில் 8 மாதம் வீணாயிற்று. பென்சில் கோடு போட்ட காகிதத்தைப் பார்த்தால் ஆடுபவருக்கும் தைரியமாக வாய் வருகிறது, நமக்கும் தைரியமாகக் கிழிக்கக் கை வருகிறது.

மாதிரி தயாரானதும் முதல் ஆட்டத்தை நான் தனியாக ஆடுவேன். நான்கு நாற்காலி, நான்கு பேருடைய சீட்டுகள், நான் ஒருவனே நாற்காலி மாறி மாறி உட்காருவேன். பேராசைக்காரர் ஒருவர், பயந்தவர் ஒருவர், ஒரே உத்தியைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர் ஒருவர், விதியில் ஓட்டை தேடுபவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வேன். ஆட்டம் முடியவே முடியாது, பணமே வராது என்பது போன்ற பெரிய பிழைகள் இங்கேயே அகப்பட்டுவிடும். அடுத்தவர்களுடைய மாலை நேரத்தைக் கேட்டு வாங்குவதற்கு முன் இதைச் செய்துவிடுவது மரியாதை.

மாலை, வாரத்தில் மூன்று நாள், மேஜையைச் சுற்றி ஆட்கள் வருவார்கள். சக வடிவமைப்பாளர்கள் ஒரு நாள்; அன்று என்னுடையதை அவர்கள் ஆடினால் அவர்களுடையதை நான் ஆட வேண்டும். அதுதான் கணக்கு. இன்னொரு நாள் போர்டு கேம் அதிகம் ஆடாதவர்கள். இணையத்தில் டேபிள்டாப் சிமுலேட்டர் போன்ற மெய்நிகர் மேஜைகளிலும் ஆடிப் பார்ப்போம். தூரத்தில் இருப்பவர்களோடு சோதிக்க அது நல்ல வழி. ஆனால் முகமும் கையும் தெரியாது. எனக்கு அவை தெரிய வேண்டும்.

ஏனென்றால் நான் குறிப்பெடுப்பது பெரும்பாலும் கைகளைப் பார்த்துத்தான். தன் முறை வரும் முன்பே ஒருவர் கை சீட்டை நோக்கிப் போகிறதா? அப்படியானால் அவர் மனதில் ஒரு திட்டம் இருக்கிறது. கை மேஜையைவிட்டு மடிக்கு வந்துவிட்டதா? அவர் ஆட்டத்தை விட்டுப் போய்விட்டார். நாணயத்தை எடுத்து வைத்துவிட்டு மறுபடி எடுக்கிறாரா? அங்கே ஒரு நல்ல முடிவு இருக்கிறது, அதைத் தொடக்கூடாது. ஒரே இடத்தில் மூன்று பேர் விதிப் புத்தகத்தை எடுத்தால் அந்தப் பக்கத்தில் கோடு போடுவேன். ஒவ்வொருவருடைய முறையும் எத்தனை வினாடி என்று கடிகாரத்தில் பார்ப்பேன். ஒருவர் 30 வினாடியும் இன்னொருவர் 4 நிமிடமும் எடுத்தால் அது அவர்கள் குணம் என்று விட்டுவிட முடியாது. எத்தனை வாய்ப்புகளை ஒரே நேரத்தில் அவர்கள் முன்னால் கொட்டியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதில் மிகக் கஷ்டமானது பேசாமல் இருப்பது. ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டு ஆடுவார். “அப்படி இல்ல, அந்தச் சீட்டை வெச்சா ரெண்டு மடங்கு கிடைக்கும்” என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லக்கூடாது. விளையாட்டு கடைக்குப் போன பிறகு ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நான் உட்கார்ந்திருக்க முடியாது. கடைசிக் கட்டச் சோதனையில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, யாருக்கும் விளக்காமல் மூலையில் போய் உட்கார்ந்துவிடுவேன். அவர்களே திறந்து, படித்து, அடுக்கி, ஆடி முடிக்க வேண்டும். முதல் தடவை அதைச் செய்தபோது, மேஜையில் அடுக்கி வைக்கவே 40 நிமிடம் ஆனது. அன்று இரவு விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திரும்ப எழுதினேன்.

ஆட்டம் முடிந்ததும் “பிடிச்சிருந்துதா?” என்று கேட்கமாட்டேன். பிடித்தது என்றுதான் சொல்வார்கள். “எந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தீர்கள்? யார் ஜெயிப்பார் என்று எப்போது தோன்றியது? இப்போதே மறுபடி ஆடினால் எதை மாற்றிச் செய்வீர்கள்?” என்று கேட்பேன். மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வந்தால் எனக்கு நிம்மதி. மாற்றிச் செய்ய ஒன்றும் இல்லை என்றால் ஆட்டத்தில் முடிவெடுக்க ஒன்றும் இல்லை என்று பொருள்.

அவர்கள் தரும் யோசனைகளையும் எழுதிக்கொள்வேன். வலி எங்கே என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. மருந்து மட்டும் நான்தான் தேட வேண்டும். ஒட்டக விளையாட்டில் ஒருவர் “திருடும் சீட்டு ஒண்ணு வேணும்” என்றார். அவருக்குத் திருட ஆசை இல்லை. முன்னால் போனவரை எட்டிப் பிடிக்க வழியே இல்லை என்பதுதான் அவர் குறை. திருடும் சீட்டைச் சேர்த்திருந்தால் சண்டைதான் கூடியிருக்கும். அதற்குப் பதிலாக, ஒரு ஊரில் முதலில் விற்றவர் போன பிறகு அங்கே விலை ஏறும் என்று வைத்தேன். பின்னால் வருபவருக்கு அதுவே லாபம் ஆனது.

விளையாட்டிலிருந்து எடுத்துவிடுவதைப் பற்றி முதலில் சொன்னேன். அந்த விளையாட்டின் முதல் மாதிரியில் ஐந்து வகைச் சரக்கு, இரவு நேரம் என்று தனிக் கட்டம், திசைகாட்டும் பகடை, கொள்ளைக்காரர்கள் எல்லாம் இருந்தன. இன்று தண்ணீரும் இரண்டு வகைச் சரக்கும் மட்டுமே. கொள்ளைக்காரர்கள் எனக்குப் பிடித்தவர்கள். 30 ஆட்டம் வரை விடாமல் வைத்திருந்தேன். அவர்கள் இல்லாமல் ஒருநாள் ஆடிப் பார்த்தபோது யாரும் தேடவில்லை. கட்டானை உருவாக்கிய கிளவுஸ் டாய்பரும் முதலில் தீவைக் கண்டுபிடிப்பது, குடியேறுவது, எல்லைக்குப் போராடுவது எல்லாவற்றையும் ஒரே பெரிய விளையாட்டாக வைத்திருந்தவர்தான். அதைப் பிரித்தபோது குடியேறும் பகுதி 1995-இல் கட்டானாக வந்தது. மிச்சப் பகுதிகள் பின்னால் வேறு இரண்டு விளையாட்டுகளாயின. ஆகவே எடுத்ததைத் தூக்கி எறியாதீர்கள். என் கொள்ளைக்காரர்கள் இன்னொரு பெட்டியில் இருக்கிறார்கள்.

ஆட்டம் எங்கேயோ சரியில்லை, எங்கே என்று தெரியவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது புள்ளிக் கணக்கை. எதற்குப் புள்ளி தருகிறோமோ மனிதர்கள் அதைத்தான் செய்வார்கள். ரைனர் க்னிசியா கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், வங்கித் துறையில் இருந்துவிட்டு 1997-இலிருந்து முழுநேரமாக இதைச் செய்கிறார். வெளிவந்தவை 600-க்கும் மேல். அதே வருடம் வந்த டைகிரிஸ் அண்ட் யூஃப்ரட்டீஸ் என்ற விளையாட்டில் நான்கு நிறங்களில் புள்ளி சேரும். கடைசியில் உங்களிடம் எந்த நிறம் குறைவோ அதுதான் உங்கள் புள்ளி. ஒன்றை மட்டும் மலைபோல் குவிப்பவர் தோற்பார். இப்படிச் செய்யாதே என்று தடை போடும் விதி ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை. முதல்தடவை அதை ஆடிவிட்டு நான் என்னுடைய இரண்டு விளையாட்டுகளில் இருந்த தடைகளை எண்ணினேன். பெரும்பாலானவற்றை எடுத்துவிட முடிந்தது.

விதிப் புத்தகத்துக்குத் தனியாக நாள் ஒதுக்க வேண்டும். இது எழுத்து வேலை, அதுவும் கடினமான எழுத்து. தமிழில் எழுதும்போது எனக்கு அதிகம் தொல்லை கொடுத்த சொல் “முறை”. “இந்தச் சீட்டை ஒரு முறை பயன்படுத்தலாம்” என்று எழுதினேன். ஆட்டம் முழுவதற்கும் ஒரு தடவையா, ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு தடவையா? இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்தார்கள், இருவரும் சரி. அன்றிலிருந்து ஆடும் வாய்ப்புக்கு “முறை”, எண்ணிக்கைக்குத் “தடவை”, எல்லோரும் ஒருதரம் ஆடி முடிப்பதற்குச் “சுற்று” என்று பிரித்துவைத்து, மாற்றவே மாட்டேன். “எடு” என்பதும் அப்படித்தான். கட்டிலிருந்து எடுப்பதா, கையிலிருந்து எடுத்துப் போடுவதா? “பக்கத்துக் கட்டம்” என்றால் மூலைக்கு மூலை தொடும் கட்டமும் சேர்த்தியா? கதை எழுதும்போது ஒரே சொல் திரும்ப வந்தால் மாற்றச் சொல்வார்கள். இங்கே ஒரு பொருளுக்கு ஒரே சொல்தான், 40 இடத்தில் வந்தாலும் அதேதான்.

படங்களும் விதிதான். ஐரோப்பிய ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை போன்ற நிறங்களைப் பிரித்தறிவதில் குறை உண்டு. ஆகவே நிறத்தோடு ஒரு குறியும் இருக்க வேண்டும். ரயில் பாதைகளைப் பிடிக்கும் டிக்கெட் டு ரைடு விளையாட்டில் ரயில் சீட்டுகளின் நிறத்துக்குத் தனித்தனிக் குறி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இதற்கு நடுவில் அஞ்சல்கள். ஒரு விளையாட்டு எனக்குத் திருப்தியான பிறகு அதை வெளியிடும் நிறுவனத்தைத் தேட வேண்டும். ஒரே பக்கத்தில் எத்தனை பேர், எவ்வளவு நேரம், இதில் புதிது என்ன, பெட்டிக்குள் என்னென்ன என்று எழுதி, இரண்டு நிமிட வீடியோ ஒன்றோடு அனுப்புவோம். ஜெர்மனியில் அக்டோபரில் எஸ்ஸன் நகரத்தில் நடக்கும் கண்காட்சி போன்ற இடங்களில் நேரில் அரை மணி நேரம் தருவார்கள். பதில் வரப் பல மாதம் ஆகும். பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் வரும், அதற்குக் காரணம் விளையாட்டாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அதேபோல் ஒன்று அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கலாம்.

ஒப்பந்தம் வந்தால் நிதானமாகப் படியுங்கள். வடிவமைப்பாளருக்கு உரிமத்தொகையாகக் கிடைப்பது, நிறுவனத்துக்கு விற்பனையில் வரும் தொகையில் பொதுவாக 5 முதல் 8 சதவீதம். அது கடை விலையில் அல்ல, நிறுவனம் மொத்த வியாபாரிக்கு விற்கும் விலையில். இரண்டுக்கும் இடைவெளி பெரியது. இத்தனை வருடத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை எனக்கே திரும்ப வேண்டும் என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். என் இரண்டாவது விளையாட்டில் அந்த வரியைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை. ஒரு நிறுவனம் மூன்று வருடம் வைத்திருந்துவிட்டு, எங்கள் திட்டம் மாறிவிட்டது என்றது. அந்த மூன்று வருடமும் வேறு யாரிடமும் அதைக் காட்ட முடியவில்லை.

பெட்டியில் பெயர் போடுவார்களா என்றும் பாருங்கள். இன்று பெரும்பாலும் போடுகிறார்கள், ஆனால் அது தானாக வந்ததல்ல. 1988-இல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியின்போது ஜெர்மன் வடிவமைப்பாளர்கள் 13 பேர், பெட்டியில் எங்கள் பெயர் இல்லாவிட்டால் விளையாட்டைத் தரமாட்டோம் என்று பீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் ஒரு அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 1991-இல் அவர்களுக்கென்று ஒரு சங்கமே உருவானது. அதற்கு முன் நடந்தவற்றை நினைத்தால் வருத்தமாக இருக்கும். மோனோபோலிக்கு வேராக இருந்த விளையாட்டுக்கு 1904-இல் காப்புரிமை வாங்கியவர் எலிசபெத் மேகி. 1935-இல் அந்தக் காப்புரிமைக்கு அவருக்குக் கிடைத்தது 500 டாலர். பல பத்தாண்டுகள் அவர் பெயரே யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. உங்கள் யோசனையை யாராவது திருடிவிடுவார்களோ என்று ஒளித்து வைக்காதீர்கள். ஒரு விளையாட்டு ஆடப்படும் வழிமுறைக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுதிய விதிகளின் வாசகத்துக்கும் ஓவியத்துக்கும்தான் உண்டு. ஒளித்து வைத்தால் ஆடிப் பார்க்க ஆள் கிடைக்காது. அந்த நஷ்டம்தான் பெரிது.

நிறுவனம் ஏற்றுக்கொண்ட பிறகும் வெட்டு ஓயாது. சீட்டுகளைப் பெரிய தாளில் அச்சிட்டு வெட்டுவார்கள். ஒரு தாளில் வழக்கமாக 54 அல்லது 55 சீட்டு வரும். உங்களிடம் 58 இருந்தால் 3 அல்லது 4 சீட்டுக்காக இன்னொரு தாள் செலவு. என் ஒட்டக விளையாட்டில் 61 இருந்தது. எந்த 7 போகும் என்று இரண்டு வாரம் யோசித்து 54-க்குக் கொண்டுவந்தேன். மரக் காய்கள் அட்டை வில்லைகளாகலாம், பெட்டி சிறிதாகலாம், பாலைவனம் கடலாகக்கூட மாறலாம். இந்தக் கட்டத்தில், வெளியீட்டுக்கு முன் விளையாட்டைச் செப்பனிட நிறுவனத்தில் இருக்கும் மெருகேற்றுநர் கையில் விளையாட்டு பெரும்பாலும் நன்றாகவே ஆகும். நல்ல மெருகேற்றுநர் கிடைப்பது பாக்கியம்.

வேலையை விடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். டாய்பர் பல்மருத்துவத்துக்கான பொருத்துப் பற்கள் செய்யும் தொழில்நுட்பராக இருந்தவர். ஜெர்மனியின் பெரிய போர்டு கேம் விருதான ஷ்பீல் டெஸ் யாரெஸை 1988, 1990, 1991 ஆகிய மூன்று வருடமும் வாங்கிவிட்டார். அப்போதும் அந்த வேலையை விடவில்லை. 1995-இல் கட்டானுக்காக நான்காவது தடவை வாங்கினார். அதற்கும் சில வருடம் கழித்துத்தான் முழுநேரமாக வந்தார். பாண்டமிக் 2008-இல் வந்தது, லீகாக் வேலையை விட்டது 2014-இல். நானும் முதல் 6 வருடம் வேறு வேலையில்தான் இருந்தேன். இப்போதும் என் வருமானத்தில் ஏறக்குறைய பாதி, மற்றவர்களுடைய விதிப் புத்தகங்களைத் திருத்துவதிலிருந்து வருகிறது. ஆகவே இப்போது விடாதீர்கள். உங்களுக்கு இல்லாதது பகல் நேரம் அல்ல. மேஜையைச் சுற்றி ஆட்கள். அவர்கள் வருவது மாலையிலும் விடுமுறை நாளிலும்தான், அப்போது நீங்களும் வீட்டில்தான் இருக்கிறீர்கள்.

இரண்டு வருடத்தில் எத்தனை தடவை பிறர் உங்கள் விளையாட்டை ஆடியிருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. 10 தடவைக்குக் குறைவு என்றால், இந்த வாரம் விரிதாளைத் திறக்க வேண்டாம். இருக்கிற மாதிரியை இருக்கிறபடியே எடுத்துக்கொண்டு, உங்களைச் சந்தோஷப்படுத்த வேண்டிய அவசியம் இல்லாத மூன்று பேரை உட்காரவைத்து, விதியை ஒரு தடவை சொல்லிவிட்டு, குறிப்பேடும் கடிகாரமுமாக ஓரமாக உட்காருங்கள்.